சுவருக்கு அப்பால்: வெஸ்டெரோஸின் வடகோடி நிலமும் அதன் விளைவுகளும்

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் புதின வரிசையைப் படித்தவர்களுக்கும், அதிலிருந்து உருவாகி 2011 முதல் 2019 வரை ஒளிபரப்பான 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரைப் பார்த்தவர்களுக்கும் இன்னும் தெளியாத பகுதி ஒன்று உண்டு. வெஸ்டெரோஸ் கண்டத்தின் வடக்கே பெரும் பனிச்சுவர் ஒன்று நிற்கிறது என்பது அனைவரும் அறிந்ததே. அச்சுவருக்கு அப்பால் உள்ள நிலம் எப்படிப்பட்டது, அங்குள்ளவர்கள் எதை உண்டு வாழ்கிறார்கள், சுவரைச் சுற்றிக்கொண்டு வர வழியே இல்லையா என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வருகிறது. பெரும்பாலோர் மனத்தில் பதிந்திருப்பது மரமற்ற, ஆளற்ற வெறும் பனிவெளி. புதினங்கள் காட்டும் நிலம் அதுவன்று.

அந்த நிலத்தின் அமைப்பையும், அது கதையின் போக்கைத் தீர்மானிக்கும் விதத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது. இங்கு முன்வைக்கப்படும் கருத்து ஒன்றே: சுவர் இரண்டு வேறுபட்ட நிலங்களைப் பிரிக்கவில்லை, ஒரே நிலத்தை இரண்டாக வெட்டியிருக்கிறது. வடகோடியின் 'காட்டுத்தன்மை' என்று நாம் கருதுவதில் பெரும்பகுதி அந்த வெட்டின் விளைவு. கதை நிகழ்வுகள் பல இதில் வெளிப்படும் என்பதைப் புதிதாகத் தொடங்குவோர் கவனத்தில் கொள்ள வேண்டும்.

வடக்கு வேறு, சுவருக்கு அப்பால் வேறு

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 'வடக்கு' என்னும் சொல் கதையில் ஒரு நாட்டின் பெயராகவும் திசையின் பெயராகவும் வருவதால்தான் பாதிக் குழப்பம் நேர்கிறது. தெற்கிலிருந்து மேலேறினால் நான்கு பகுதிகள் அடுத்தடுத்து வருகின்றன.

1. நெக் எனப்படும் சதுப்புநிலம். கண்டம் மிகவும் குறுகும் இடம் இது. இதன் ஊடே செல்லும் உயர்த்தப்பட்ட ஒற்றைப் பாதையை மோட் கெய்லின் என்னும் பாழடைந்த கோட்டை காக்கிறது. தெற்கிலிருந்து எந்தப் படையும் வடக்கை எளிதில் கைப்பற்ற முடியாமைக்கு இதுவே காரணம்.

2. வடக்கு நாடு. ஸ்டார்க் குடும்பத்தின் ஆட்சிக்குட்பட்டது, தலைநகர் வின்டர்ஃபெல். பரப்பில் மற்ற ஆறு அரசுகளையும் சேர்த்தால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு பெரியது. மக்கள்தொகையோ மிகக் குறைவு.

3. கிஃப்ட் எனப்படும் கொடைநிலம். சுவரின் தென்புறத்தை ஒட்டி, முதலில் 25 லீக் ஆழத்துக்கும், பின்னர் அலிசான் அரசியின் முயற்சியால் மேலும் 25 லீக் ஆழத்துக்கும் சுவரைக் காக்கும் நைட்ஸ் வாட்ச் காவல்படைக்கு அளிக்கப்பட்டது. ஒரு லீக் என்பது மூன்று மைல். ஆகவே மொத்த ஆழம் 150 மைல், ஏறக்குறைய 240 கிலோமீட்டர்.

4. சுவரும் அதற்கு அப்பாலுள்ள நிலமும். இங்கு எந்த அரசரின் ஆணையும் செல்லாது. இங்கு வாழ்வோர் தம்மைச் சுதந்திர மக்கள் என்று அழைத்துக்கொள்கிறார்கள். தெற்கிலுள்ளோர் அவர்களை வைல்ட்லிங் என்பார்கள்.

நெக் இயற்கையே வகுத்த எல்லை. சுவர் அப்படியன்று. அதன் இருபுறமும் ஒரே வகைக் காடு, ஒரே வகை மரங்கள். இருபுறமும் வாழ்வோர் முதல் மனிதர்கள் எனப்படும் ஒரே தொல்குடியின் வழிவந்தோர். வெண்மரத்தில் முகம் செதுக்கி வணங்கும் பழைய சமயமும் இருவருக்கும் பொதுவானது. கோடு விழுந்தபோது எவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதே ஒருவரைப் பிரபுவாகவும் மற்றவரைக் கொள்ளையராகவும் ஆக்கியிருக்கிறது.

சுவர் என்னும் அளவுகோல்

வெஸ்டெரோஸின் வரைபடங்களில் தூர அளவு குறிக்கப்படுவதில்லை. வாசகர்கள் கண்டத்தை அளக்கப் பயன்படுத்தும் கோல் சுவரே. அதன் நீளம் 100 லீக், அதாவது 300 மைல் அல்லது 480 கிலோமீட்டர். உயரம் 700 அடி, அதாவது 213 மீட்டர். சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பு பிரான்டன் என்னும் கட்டடக்கலைஞன் எழுப்பினான் என்பது மரபுக்கதை. அந்தக் காலக்கணக்கைக் கதைக்குள்ளிருக்கும் அறிஞர்களே ஐயத்துடன்தான் நோக்குகிறார்கள்.

இதற்கு மூலமான உண்மைச் சுவர் பிரிட்டனில் உள்ளது. ரோமப் பேரரசர் ஹேட்ரியனின் காலத்தில், பொ.ஆ. 122இல் தொடங்கப்பட்ட எல்லைச் சுவரை மார்ட்டின் 1981இல் நேரில் கண்டார். உலகத்தின் விளிம்பில் நின்று வடக்கே நோக்கும் ரோமக் காவல்வீரனின் மனநிலை அப்போதுதான் தமக்குப் பிடிபட்டது என்று அவர் பல நேர்காணல்களில் கூறியிருக்கிறார். அந்தச் சுவரின் நீளம் 73 மைல். மனித உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்குக்கு மேல் உயராத கல்வேலை. புனைவில் நீளம் நான்கு மடங்காயிற்று. உயரமோ அளவிறந்து போயிற்று. காவல்படையின் தலைமைக் கோட்டையான காசில் பிளாக்குக்குத் தொடரில் அரங்கம் அமைக்கப்பட்ட வட அயர்லாந்துக் கல்குவாரியின் 400 அடி முகப்பைப் பார்த்தபோது, தாம் எழுதிய உயரம் மிகையென்று மார்ட்டினே உணர்ந்தாராம்.

உயரத்தில் இயற்பியல் சிக்கலும் இருக்கிறது. பனிக்கட்டி கருங்கல்லைப் போன்றதன்று. ஏறக்குறைய 50 மீட்டர் தடிமனைத் தாண்டினால், தன் எடையின் அழுத்தத்தாலேயே அது மெல்ல உருமாறி ஒழுகத் தொடங்குகிறது. பனியாறுகள் நகர்வது இதனால்தான். அதைப் போல் நான்கு மடங்கு உயரமுள்ள செங்குத்துப் பனிச்சுவர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிமிர்ந்து நிற்க இயலாது. சுவருக்குள் பழைய மந்திரங்கள் பின்னப்பட்டிருப்பதாகப் புதினம் கூறுவது கதைக்குத் தேவையான மர்மம் மட்டுமன்று, பொறியியல் தேவையும்கூட.

சுவரின் போக்கும் கவனிக்கத்தக்கது. காசில் பிளாக்கிலிருந்து கிழக்கே கடல்வரை அது வாளைப் போல் நேராகச் செல்கிறது; மேற்கே பாம்பைப் போல் வளைகிறது. கிழக்கு சமவெளி; மேற்கு கரடுமுரடான குன்றுகள். கட்டியவர்கள் அங்கே அடித்தளத்தை முடிந்தவரை குன்றுகளின் முகடுகளின் மீதே அமைத்திருக்கிறார்கள். சுவரின் வடிவத்திலிருந்தே நிலத்தின் வடிவத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

அப்பாலுள்ள நிலம்

சுவரின் வடவாயிலைக் கடந்தவுடன் எதிர்ப்படுவது பனிவெளியன்று, காடு. ஹான்டட் ஃபாரஸ்ட் எனப்படும் இக்காடு கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்கு மலையடிவாரம் வரை பரவியிருக்கிறது. ஓக், அயர்ன்வுட், சென்டினல் எனப்படும் ஊசியிலை மரங்கள், வெண்மரங்கள் ஆகியவை அடர்ந்து வளர்கின்றன. சுவரிலிருந்து அரை மைல் தூரத்துக்கு மரங்களை வெட்டி வெட்டவெளியாக வைக்க வேண்டும் என்பது பழைய விதி. ஒளிந்து வருவோர் கண்ணில் படாமல் நெருங்கக் கூடாது என்பது நோக்கம். ஆள் குறைந்த பிறகு, காவலுள்ள கோட்டைகளின் அருகில் மட்டுமே அவ்விதி காக்கப்படுகிறது. மற்ற இடங்களில் மரங்கள் சுவரின் அடிவரை வந்துவிட்டன. காசில் பிளாக்கில் காடு தள்ளி நிற்பதற்குக்கூட வீரர்களின் கடமையுணர்வைவிட அவர்களுக்குத் தேவைப்படும் விறகே முதன்மைக் காரணம் என்பது மார்ட்டினின் நுட்பமான குறிப்பு.

காட்டின் மேற்கெல்லையில் ஃப்ராஸ்ட்ஃபாங்ஸ் மலைத்தொடர் எழுகிறது. செங்குத்தான, பெரும்பாலும் உறைந்தே கிடக்கும் சிகரங்கள். ஸ்கர்லிங் கணவாயைப் போன்ற சில வழிகளே அதன் ஊடே உள்ளன. இம்மலைகளின் பனி உருகிப் பிறக்கும் மில்க்வாட்டர் ஆறு தெற்கு நோக்கி ஓடி, சுவரின் மேற்கு முனையில் கோர்ஜ் எனப்படும் ஆழ்ந்த பள்ளத்துக்குள் இறங்கி, பே ஆஃப் ஐஸ் விரிகுடாவில் கலக்கிறது. காட்டுக்கும் மலைக்கும் நடுவில் இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கே இயற்கையான நெடுஞ்சாலை. அதை மேலிருந்து பார்க்கும் குன்றுதான் முதல் மனிதர்களின் முட்டி எனப்படும் ஃபிஸ்ட். உச்சியில் தொல்பழங்காலக் கல்வளையம் ஒன்று அரணாக நிற்கிறது. காவல்படைத் தலைவர் மோர்மான்ட் 300 பேருடன் வடக்கே சென்றபோது அங்கே பாசறை அமைத்ததில் வியப்பில்லை. மலையிலிருந்து இறங்கும் எந்தக் கூட்டமும் அவ்வாற்றின் ஓரமாகவே வந்தாக வேண்டும்.

இந்த நிலத்தில் வாழ்வோர் ஒரே மக்களல்லர். ஃப்ராஸ்ட்ஃபாங்ஸின் வடகோடியில் மறைந்திருக்கும் பள்ளத்தாக்கில் தென்ஸ் இனத்தார் இருக்கிறார்கள். வெண்கலம் உருக்கத் தெரிந்தவர்கள், தலைவனுக்குக் கட்டுப்பட்டு முறையாக வாழ்பவர்கள். மேற்கே உறைகரையில் வாழ்வோர் வால்ரஸ் எலும்பால் செய்த வண்டிகளை நாய்களைப் பூட்டி ஓட்டுகிறார்கள். காட்டுக்குள் ஒயிட்ட்ரீயைப் போன்ற நாலைந்து குடிசைச் சிற்றூர்கள். கிராஸ்டரின் வீட்டைப் போன்ற தனிக்குடிகள். இவர்களுக்குப் பொதுமொழிகூடக் கிடையாது. மான்ஸ் ரெய்டர் என்னும் தலைவன் இவர்களை ஒரே படையாகத் திரட்டியது போர்த்திறனைவிடப் பெரிய சாதனை.

இவையனைத்துக்கும் வடக்கே நிரந்தரப் பனிக்கால நிலம். அதன் எல்லைகளை எந்த வரைபடமும் காட்டுவதில்லை.

தொடரைப் பார்த்தோர் மனத்தில் பனிவெளி மட்டும் பதிந்ததற்குப் படப்பிடிப்பு ஒரு முக்கியக் காரணம். முதல் பருவத்தின் தொடக்கக் காட்சி வட அயர்லாந்தின் டோலிமோர் காட்டில் எடுக்கப்பட்டது. அது புதினத்துக்கு நெருக்கமானது. இரண்டாம் பருவத்தில் படக்குழு ஐஸ்லாந்தின் வாட்னாயோகுல் பனிப்பரப்பின் விளிம்புக்குச் சென்றது. காட்சி அழகு கூடியது, காடு காணாமற்போயிற்று.

பனிக்காலம்: இந்நிலத்தின் முதல் உண்மை

வெஸ்டெரோஸில் பருவங்கள் ஆண்டுக் கணக்கில் நீள்கின்றன. அவற்றின் நீளத்தை முன்கூட்டிக் கணிக்க இயலாது. முதல் புதினம் தொடங்கும்போது கோடைக்காலத்தின் ஒன்பதாவது ஆண்டு நடக்கிறது. கதைமாந்தருள் ஒருவனான டிரியன் பிறந்த பனிக்காலம் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நீடித்ததாக அவனே கூறுகிறான். கோளின் அச்சுச் சாய்வு தள்ளாடுகிறது, இரண்டு சூரியன்கள் இருந்திருக்கலாம் என்றெல்லாம் வாசகர்கள் விளக்கம் தேடினாலும், காரணம் அறிவியலன்று, மாயமே என்று மார்ட்டின் தெளிவாகச் சொல்லிவிட்டார். காரணம் எதுவாயினும் விளைவுகளை நாம் தர்க்கப்படி கணக்கிடலாம்.

பாலை என்பது தனி நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே என்பது தமிழ் மரபு. வடகோடியையும் அவ்வாறு எண்ணிப்பார்த்தால் விளங்கிக்கொள்வது எளிது. கோடையில் அது வேட்டையும் மீனும் கிடைக்கும் காட்டுநிலம். நீண்ட பனிக்காலத்தில் அதே நிலம் மனிதர் வாழ முடியாத இடமாகத் திரிகிறது. தங்குவதா பெயர்வதா என்னும் வினா ஒவ்வொரு பனிக்காலத்திலும் எழுகிறது.

1. பல ஆண்டுப் பனிக்காலத்தைத் தாண்ட உணவைச் சேமிக்க வேண்டும். சேமிப்பதற்குக் களஞ்சியம், அதைக் காக்கக் கோட்டை, கோட்டைக்கு வரி, வரிக்குப் பிரபு தேவை. சுவருக்குத் தெற்கே இவையெல்லாம் உள்ளன. வெந்நீர் ஊற்றுகளின் மீது கட்டப்பட்ட வின்டர்ஃபெல்லின் சுவர்களுக்குள்ளேயே சுடுநீர் ஓடுகிறது. கண்ணாடிக்கூரைத் தோட்டங்களில் பனிக்காலத்திலும் காய்கறி விளைகிறது.

2. சுவருக்கு வடக்கே இந்தச் சங்கிலி உருவாகவில்லை. எவருக்கும் மண்டியிட மாட்டோம் என்பது அம்மக்களின் பெருமை. அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை பொதுக் களஞ்சியம் இல்லாமை.

3. சேமிப்பு இல்லாதவர்களுக்கு எஞ்சும் வழி தெற்கே நகர்வது. அந்த வழியைச் சுவர் அடைக்கிறது. ஆகவே நகர்வு கொள்ளையாக மாறுகிறது. இரும்புக் கருவி, தானியம், கால்நடை ஆகியவற்றுக்காகச் சுவரேறி வருவோர், தெற்கத்தியர் பார்வையில் பிறவிக் கள்வர்.

இந்தக் காரணகாரியத் தொடரைப் பார்த்த பிறகு, சுதந்திர மக்களின் 'காட்டுத்தன்மை' அவர்கள் இரத்தத்தில் ஊறியது என்று கருதும் காவல்படை வீரர்களோடு உடன்படுவது கடினம். காவல்படையைச் சேர்ந்த ஜான் ஸ்னோ சுதந்திர மக்களோடு வாழ்ந்து திரும்பியபின் வந்தடையும் முடிவும் இதுதான்.

சுவரின் முனைகளும் வாயில்களும்

300 மைல் நீளமுள்ள சுவரில் 19 கோட்டைகள் கட்டப்பட்டன. கதை நடக்கும்போது ஆள் இருப்பவை மூன்றே. மேற்கே ஷேடோ டவர், நடுவில் காசில் பிளாக், கிழக்கே கடலோர ஈஸ்ட்வாட்ச். ஒரு காலத்தில் 10,000 பேர் இருந்த காவல்படையில் எஞ்சியவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. அவர்களிலும் மூன்றிலொரு பங்கினரே போர்வீரர்கள்.

சுவரைக் கடக்க நான்கு வழிகள் உள்ளன. ஒவ்வொன்றின் வரம்பையும் புரிந்துகொண்டால் மான்ஸின் போர்த்திட்டம் தெளிவாகும்.

1. ஏறுதல். சிறு குழுக்களுக்கு மட்டுமே இயலும். வெப்பம் சற்று உயரும் நாளில் சுவரின் மேற்பரப்பு உருகி, பனித்தகடுகள் பெயர்ந்து விழும். ஜானுடன் ஏறிய குழுவில் யார்ல் உள்ளிட்ட சிலர் இறந்தது அவ்வாறே.

2. மேற்கே கோர்ஜ். பள்ளத்தில் இறங்கி ஏறலாம், அல்லது மண்டையோட்டுப் பாலத்தைக் கடக்கலாம். பாலம் குறுகலானது, சில நூறு பேர் பெரும்படையைத் தடுத்துவிடலாம்.

3. படகில் சுற்றி வருதல். கிழக்கே பே ஆஃப் சீல்ஸ், மேற்கே பே ஆஃப் ஐஸ். இவர்களிடம் இருப்பவை பெரும்பாலும் சிறு படகுகள்.

4. வாயில். சுவரைக் குடைந்து செல்லும் குறுகிய சுரங்கம், இரும்புக் கதவுகளோடு. வண்டிகள், குழந்தைகள், முதியோர், மாமதங்கள் ஆகிய அனைத்தும் கடந்து செல்ல வாயிலைத் தவிர வேறு வழியில்லை.

தொடரில் மான்ஸின் கூட்டம் ஒரு லட்சம் என்று கூறப்படுகிறது. படையெடுப்பு என்பதைவிட இடப்பெயர்வு என்பதே பொருந்தும் அக்கூட்டத்துக்கு நான்காவது வழி மட்டுமே பயன்படும். அதனால்தான் தன் படைத்தலைவர்களில் ஒருவனான வீப்பரின் ஆட்களை மேற்குப் பாலத்தின் பக்கம் அனுப்பிக் காவலர்களைத் திசைதிருப்பிவிட்டு, மான்ஸ் காசில் பிளாக்கின் வாயிலைக் குறிவைக்கிறான்.

அங்கே மற்றொரு பலவீனமும் உண்டு. காவல்படை தெற்கத்திய அரசியலில் தலையிடக் கூடாது என்பதால், அதன் கோட்டைகளுக்குத் தென்புறத்தில் மதில் கட்டப்படவில்லை. முன்னரே சுவரேறி இறங்கிய தென்ஸ் வீரர்கள் தெற்கிலிருந்து தாக்கியபோது, மரங்களையும் மூட்டைகளையும் அடுக்கித்தான் தடுப்பு அமைக்க நேர்ந்தது.

கொடைநிலத்தின் நிலைமையும் இதோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. காவலர் குறைந்ததால் கொள்ளையர் பெருகினர். உழவர்கள் தெற்கே பெயர்ந்தனர். உழவர் போனதும் காவல்படைக்கு வரவேண்டிய தானியம் நின்றது. தானியம் நின்றதும் படை மேலும் சுருங்கியது. ஜான் கடந்து செல்லும் குயின்ஸ்கிரவுன் ஏரிக்கோபுரத்தைச் சுற்றி ஆளரவமற்ற சிற்றூரும் புல் மூடிய வயல்களுமே எஞ்சியிருக்கின்றன. நல்ல மண், ஆனால் உழுவாரில்லை. சுவருக்குத் தெற்கேயும் நிலம் காடாகத் திரும்புகிறது.

தொடரின் தூரக் கணக்கு

2017இல் வந்த ஏழாம் பருவத்தின் ஆறாம் பகுதி இந்த நிலவியலை ஏறக்குறையக் கைவிட்டுவிட்டது. உறைந்த ஏரியின் நடுவே ஜானின் குழு சிக்கிக்கொள்கிறது. குழுவிலிருந்த கென்ட்ரி உதவி கேட்க ஈஸ்ட்வாட்சுக்கு ஓடுகிறான். அங்கிருந்து செய்தி சுமக்கும் காகம், டெனேரிஸ் அரசி தங்கியிருக்கும் டிராகன்ஸ்டோன் தீவுக்குப் பறக்கிறது. அவள் தன் டிராகன்களோடு வந்து சேர்கிறாள். சுவரின் நீளத்தை அளவுகோலாகக் கொண்டால் ஈஸ்ட்வாட்சுக்கும் டிராகன்ஸ்டோனுக்கும் இடைப்பட்ட தூரம் ஆயிரம் மைலுக்குக் குறையாது. பந்தயப் புறாக்களின் வேகமான மணிக்கு 50 மைலைக் காகத்துக்குத் தந்தாலும், ஓய்வே இல்லாமல் 20 மணி நேரம் ஆகும். டிராகன் அதைவிட இருமடங்கு விரைந்தால் மேலும் 10 மணி. ஓட்டத்தையும் சேர்த்தால் இரண்டு நாள் என்பது மிகத் தாராளமான கணக்கு. நேரத்தைத் தெளிவின்றி விட்டதை இயக்குநர் ஆலன் டெய்லரே பின்னர் ஒப்புக்கொண்டார். முதல் பருவத்தில் இதே தொடர், ராபர்ட் அரசர் தலைநகரிலிருந்து வின்டர்ஃபெல் வந்துசேர ஒரு மாதமாயிற்று என்று பொறுப்போடு சொன்னது.

ஹார்ட்ஹோம்: கடல்வழியா, நிலவழியா?

வடகோடியில் ஒரு நகரம் உருவாகியிருக்க முடியும் என்பதற்குச் சான்று ஹார்ட்ஹோம். கிழக்குக் கடற்கரையில், ஸ்டோரால்ட் முனையில், மிகப் பெரிய கப்பல்களும் நிற்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம், அருகிலேயே மரமும் கல்லும், கடலில் மீன்வளம், பக்கத்தில் கடல்நாய்க் கூட்டங்கள். நகருக்கு வேண்டிய அனைத்தும் ஓரிடத்தில் கூடிய அவ்விடம், 600 ஆண்டுகளுக்கு முன்பு ஒரே இரவில் அழிந்தது. தெற்கே சுவரில் நின்ற காவலர்கள் வடக்கில் சூரியன் உதிப்பதாக எண்ணும் அளவுக்குத் தீ எரிந்ததாம். ஏறக்குறைய அரை ஆண்டு சாம்பல் பொழிந்ததாம். காரணம் கூறப்படவில்லை. எரிமலையோ என்று எண்ண இடமுண்டு. அடிமை வணிகர்களின் தாக்குதல் என்றும் கதைக்குள் பேச்சு உண்டு.

2011இல் வெளியான ஐந்தாம் புதினத்தில் இவ்விடம் மீண்டும் முக்கியமாகிறது. காசில் பிளாக்கில் தோற்ற மக்களில் பல ஆயிரம் பேர், கப்பல்கள் வந்து மீட்கும் என்று மதர் மோல் என்னும் மூதாட்டி கூறியதை நம்பி அங்கே கூடுகிறார்கள். இப்போது காவல்படைத் தலைவனாகிவிட்ட ஜான், அவர்களை மீட்க முதலில் தேர்ந்தெடுப்பது கடல்வழி. கப்பல் சுவரைச் சுற்றிச் செல்லும், காட்டைத் தொடத் தேவையில்லை. ஆனால் இலையுதிர்காலப் புயல்கள் தொடங்கிவிட்டன. ஈஸ்ட்வாட்சின் தளபதி காட்டர் பைக்கின் தலைமையில் சென்ற 11 கப்பல்களில் சில வழியிலேயே இழக்கப்படுகின்றன. ஹார்ட்ஹோமிலிருந்து வரும் அவனது மடல், காட்டிலும் நீரிலும் இறந்தவை நடமாடுவதாகக் கூறி, இனி நிலவழியாக உதவி அனுப்பும்படி கேட்கிறது.

நிலவழி என்பது ஹான்டட் ஃபாரஸ்ட்டின் ஊடே செல்லும் நெடும்பயணம். வழியிலுள்ள சிற்றூர்கள் காலியாகிவிட்டதால் உணவு முழுவதையும் சுமந்து செல்ல வேண்டும். போகும்போது படைக்கு, திரும்பும்போது பல ஆயிரம் பட்டினி மக்களுக்கும் சேர்த்து. எத்தனை வண்டிகள் போகின்றனவோ அத்தனைக்கத்தனை வேகம் குறையும். வேகம் குறையக் குறைய உணவு மேலும் தேவைப்படும். காசில் பிளாக்கின் களஞ்சியப் பொறுப்பாளர் போவன் மார்ஷ் இத்திட்டத்தைக் கடுமையாக எதிர்க்கிறார். பிறகு ஜானைக் குத்தியவர்களில் அவரும் ஒருவர் என்பதால், அவருடைய எண்ணிக்கைக் கணக்கை வாசகர்கள் வெறும் பகைமையாகக் கருதிவிடுகிறார்கள். கணக்கு மட்டும் சரியானதே.